பாட்டு கேட்டே இங்கிலீஷ் வருமா? அக்கா மகளுக்காகக் கேட்கிறேன்

லோகோ_ஒர்க்ஸ், பெரம்பூர்

எல்லாருக்கும் வணக்கம். அக்கா மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்துவிட்டு இந்த வருஷம் பி.காம் சேர்ந்திருக்கிறாள். கல்லூரியில் பாடம் எல்லாம் இங்கிலீஷ். கணக்கெல்லாம் அழகாகப் போடுகிறாள், எழுந்து நின்று இரண்டு வாக்கியம் பேசு என்றால் மட்டும் வாய் திறப்பதில்லை. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் பணம் கட்டுகிறேன் என்றேன். "வேணாம் மாமா, நான் பாட்டு கேட்டே கத்துக்கறேன்" என்கிறாள். 29சி பஸ்ஸில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை காதில் இங்கிலீஷ் பாட்டுதான். ஒரு நோட்டு முழுக்க வரிகளை எழுதி வைத்திருக்கிறாள், அதுவும் தமிழ் எழுத்தில்.

இது உருப்படியான வழியா, இல்லை பாட்டு கேட்பதற்கு ஒரு சாக்கா? பாட்டில் வருகிற மாதிரி பேசினால் இன்டர்வியூவில் சிரித்துவிட மாட்டார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வெறும் "ஆல் தி பெஸ்ட்" போடுகிறவர்கள் தயவுசெய்து வேண்டாம், போன இழையில் அதுவே ஒரு பக்கம் ஓடியது.

எதிர்ப்பாட்டு, மயிலாப்பூர்

சாக்குதான் சார். சந்தேகமே வேண்டாம்.

எங்கள் பக்கம் டிசம்பர் வந்தால் சபா சபாவாகத் தியாகராஜர் கீர்த்தனை கேட்கிறோம். தலைமுறை தலைமுறையாகக் கேட்கிறோம். வரி தவறாமல் கூடவே பாடுகிறவர்கள் எத்தனையோ பேர். அதில் விஜயவாடாவில் போய் இறங்கித் தெலுங்கில் வழி கேட்கக்கூடியவர் யார்? தாளம் போடுவோம், தலையாட்டுவோம், மொழி வராது.

அப்புறம் இலக்கணம். ரோலிங் ஸ்டோன்ஸ் 1965-ல் "ஐ கான்ட் கெட் நோ" என்று பாடி உலகத்தையே ஆட வைத்தார்கள். எதிர்மறை இரண்டு முறை. பிங்க் ஃப்ளாய்ட் 1979-ல் "வி டோன்ட் நீட் நோ எஜுகேஷன்" என்று பள்ளிப் பிள்ளைகளை வைத்தே பாட வைத்தார்கள், அந்த ஒரு வரியே அவர்களுக்குப் படிப்பு தேவை என்பதற்குச் சாட்சி. பீட்டில்ஸ் பாட்டு ஒன்றில் "ஷி டோன்ட் கேர்" என்று வருகிறது, டஸன்ட் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. இதையெல்லாம் அந்தப் பெண் பரீட்சைத் தாளில் எழுதினால் நீங்கள் பதில் சொல்வீர்களா?

ஓஎம்ஆர்_நைட்ஷிப்ட், சோழிங்கநல்லூர்

மயிலாப்பூர் சார், தெலுங்கு உதாரணம் ஜோர். ஆனால் அங்கே யாரும் பொருள் தெரிந்துகொள்ள உட்காரவில்லை, ராகத்துக்காக உட்கார்ந்தார்கள். அர்த்தம் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிற வித்வான்களைக் கேட்டுப் பாருங்கள், ஓரளவு தெலுங்கு அவர்களுக்கு வந்திருக்கும்.

நான் கால் சென்டரில், அதாவது வாய்ஸ் பிராசஸில், புதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். தமிழ் வழியில் படித்து வருகிறவர்களுக்கு முதல் தடுப்புச்சுவர் இலக்கணம் இல்லை, காது. எழுதிக் கொடுத்தால் புரியும், அதையே வெள்ளைக்காரன் போனில் சொன்னால் புரியாது. "வாட் ஆர் யூ கோயிங் டு டூ" என்று ஆறு சொல்லாகப் படித்திருப்பார்கள். காதில் விழுவது "வாட்ச்ச கொன டூ". எங்கே ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்றே தெரியாது. நாமும் இதைத்தானே செய்கிறோம்? "வந்துகொண்டிருக்கிறேன்" என்று எழுதிவிட்டு "வந்துட்ருக்கேன்" என்று பேசுகிறோம். புத்தகம் படித்துத் தமிழ் கற்றவர் நம் மின்சார ரயிலில் ஏறினால் எப்படி முழிப்பாரோ அப்படித்தான் என் பிள்ளைகள் ஹெட்செட் போட்ட முதல் வாரம் முழிக்கிறார்கள்.

பாட்டு உதவுவது இங்கேதான். இங்கிலீஷில் எல்லா அசைக்கும் சம மரியாதை கிடையாது. கருத்துச் சொல்லை அழுத்துவார்கள், டு, ஆஃப், அண்ட், ஹேவ் எல்லாவற்றையும் விழுங்குவார்கள். தமிழ் பேசுகிற வாய் எல்லா அசையையும் முழுசாகச் சொல்லப் பார்க்கும், போதாததற்குக் கடைசியில் ஒரு உகரம் வேறு ஒட்டும், பஸ்ஸு, பேங்க்கு என்று. 2011-ல் கொலவெறி பாட்டு ஓடியதே, அதில் பாதி வேடிக்கை அந்த உகரத்தில்தான் இருந்தது. பாட்டில் தாளம் உங்களை விடாது. அழுத்த வேண்டியதை அழுத்தி, விழுங்க வேண்டியதை விழுங்கினால்தான் அடுத்த அடிக்குள் வாக்கியம் முடியும். எந்த வகுப்பிலும் இதை நான் இவ்வளவு சீக்கிரம் சொல்லிக்கொடுக்க முடிந்ததில்லை.

லோகோ சார், ஒன்று மட்டும் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். தமிழ் எழுத்தில் எழுதுவது. அதில் P-யும் B-யும் ஒரே ப, வி-யும் டபிள்யூ-வும் ஒரே வ. "வெஸ்ட்" என்று எழுதினால் அது மேற்கா, கைவைக்காத சட்டையா என்று நாளைக்கு அவளுக்கே தெரியாது. விழுங்குகிற அந்த மங்கலான உயிரொலிக்கு நம்மிடம் எழுத்தே இல்லை, அ போடுவாள், எ போடுவாள், அதையே அழுத்திப் படிப்பாள், கதை முடிந்தது. இங்கிலீஷ் எழுத்திலேயே எழுதட்டும், அழுத்தம் வருகிற அசைக்கு அடியில் ஒரு கோடு போடட்டும். போதும்.

பரங்கிமலை_பையன், செயின்ட் தாமஸ் மவுண்ட்

எந்தப் பாட்டு என்று யாரும் கேட்கவில்லையே. அதுதான் முக்கால்வாசி விஷயம்.

எங்கள் தெருவில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் அதிகம். கிறிஸ்துமஸ் நெருங்கினால் எந்த வீட்டு ஜன்னலிலிருந்தும் ஜிம் ரீவ்ஸ் குரல் வரும். மனிதர் 1964-லேயே விமான விபத்தில் போய்விட்டார், சென்னையில் இன்னும் போகவில்லை. மைக்குக்குப் பக்கத்தில் வாயை வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், சொல் சொல்லாகப் பாடுவார். பின்னணியும் அடக்கமாக இருக்கும். "ஹி'ல் ஹேவ் டு கோ" என்று ஒரு பாட்டு, 1960 வாக்கில் பெரிய ஹிட். காதலிக்குப் போன் போடுகிறான், அவள் பக்கத்தில் இன்னொருத்தன் இருக்கிறான். முழுப் பாட்டும் அந்த ஒரு போன் பேச்சுதான். தலைப்பைப் பாருங்கள், "வில்" வருகிறது, "ஹேவ் டு" வருகிறது, இரண்டும் சேர்ந்து "அவன் கிளம்பியாக வேண்டும்" என்று ஆகிறது. ஆபீஸில் "ஐ'ல் ஹேவ் டு செக்" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம்! நாலே சொல்.

என் மாமியாருக்கு இங்கிலீஷ் வந்தது அந்த ஜன்னல்கள் வழியாகத்தான். இப்போதும் போனில் இங்கிலீஷ் பேசும்போது கொஞ்சம் ஜிம் ரீவ்ஸ் மாதிரி நிதானமாகப் பேசுவார். கேட்க நன்றாகவே இருக்கும்.

ஓய்வு_டீச்சர், குரோம்பேட்டை

தம்பி லோகோ, இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன், பேசாமல் இருக்க முடியவில்லை.

எதிர்ப்பாட்டு சார் சொன்ன தப்புகள் எல்லாம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் இரட்டை எதிர்மறை பாட்டுக்காரன் கண்டுபிடித்தது இல்லை, பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் காலத்து இங்கிலீஷில் அது சர்வசாதாரணம். பிறகு இலக்கணப் புத்தகங்கள் வந்து அதைத் தள்ளிவைத்தன, பேச்சில் மட்டும் பல ஊர்களில் தங்கிவிட்டது. பிள்ளைக்கு "இது பேச்சு, தாளில் எழுதாதே" என்று சொன்னால் புரிந்துகொள்வாள். மெட்ராஸ் பாஷையைத் தமிழ்ப் பரீட்சையில் யாரும் எழுதுவதில்லையே.

வகுப்பில் லை, லே என்ற இரண்டு வினைச்சொல்லை நடத்தும் நாள் எனக்குத் தலைவலி நாள். ஒரு வருஷம் எரிக் கிளாப்டனின் 1977 பாட்டுத் தலைப்பைப் பலகையில் எழுதினேன், "லே டவுன் சாலி". கீழே பாப் டிலனின் 1969 பாட்டு, "லே லேடி லே". இரண்டும் தப்பு, ஏன் சொல்லுங்கள் என்றேன். யாரும் சொல்லவில்லை. பிறகு தமிழில் கேட்டேன்: கிட, கிடத்து, என்ன வித்தியாசம்? பின் பெஞ்சிலிருந்து பதில் வந்தது, "தன்வினை, பிறவினை மிஸ்". அவ்வளவுதான். லை என்றால் கிட, லே என்றால் கிடத்து. ரைஸ் என்றால் எழு, ரெய்ஸ் என்றால் எழுப்பு. ஃபால் என்றால் விழு, ஃபெல் என்றால் மரத்தை வீழ்த்து. சாலி தானாகப் படுக்க வேண்டும், எனவே லை. இதில் ஒரு பொடி உண்டு: லை-க்கு இறந்தகாலம் லே. அங்கேதான் வெள்ளைக்காரர்களே வழுக்குகிறார்கள். தமிழ் இலக்கணம் படித்த பிள்ளைக்கு இது அவர்களைவிடச் சீக்கிரம் பிடிபடும், நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, நம்மூர்க்காரர்கள் எல்லாரும் செய்கிற ஒன்று. "ஐ டிட்ன்ட் ஈட் யெட்". ஏன் வருகிறது? சாப்பிட்டேன், சாப்பிட்டிருக்கிறேன் என்று உடன்பாட்டில் நமக்கு இரண்டு உண்டு. எதிர்மறைக்குப் போனால் "சாப்பிடவில்லை" ஒன்றே இரண்டு வேலையும் பார்த்துவிடுகிறது. அதனால் டிட்ன்ட் எங்கே, ஹேவன்ட் எங்கே என்று நம் வாய்க்குத் தெரிவதில்லை. அமெரிக்கர்கள் பேச்சில் அப்படிச் சொல்வார்கள், பரீட்சையில் செல்லாது. இதற்கு நான் வைத்திருந்த மருந்து யூ2 குழுவின் 1987 பாட்டு, "ஐ ஸ்டில் ஹேவன்ட் ஃபவுண்ட் வாட் ஐ'ம் லுக்கிங் ஃபார்". தேடல் இன்னும் முடியவில்லை, அதனால் ஹேவன்ட். தலைப்பை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு ஃபவுண்ட் இருக்கும் இடத்தில் ஈட்டன், சீன், பெய்ட் என்று மாற்றி மாற்றிப் போடச் சொல்வேன். "ஐ ஸ்டில் ஹேவன்ட் பெய்ட் த ஃபீஸ்" என்று ஒரு பையன் என்னைப் பார்த்தே சொன்னான்.

இன்னொன்று, குளோரியா கேய்னரின் 1978 பாட்டு, "ஐ வில் சர்வைவ்". பூட்டை மாற்றியிருக்க வேண்டும், சாவியை வாங்கி வைத்திருக்க வேண்டும், நீ திரும்பி வருவாய் என்று தெரிந்திருந்தால், என்று ஒரு பெண் பொரிந்து தள்ளுகிறாள். ஷுட் ஹேவ் சேஞ்ச்ட் என்பதை நம் "மாற்றியிருக்கணும்" அப்படியே தாங்குகிறது. இஃப் ஐ'ட் நோன் என்பதை "தெரிந்திருந்தால்" தாங்குகிறது. நடக்காமல் போனதை நினைத்துப் புலம்ப இரண்டு மொழியிலும் தனி வடிவம் இருக்கிறது.

ஆனால் இன்றைக்கு நடக்காத கற்பனைக்குத் தமிழில் தனி வடிவம் இல்லை, "இருந்தால்" என்பதே எல்லாவற்றுக்கும். அதற்கு பியான்ஸே 2008-ல் பாடிய "இஃப் ஐ வேர் எ பாய்" போதும். வாஸ் இல்லை, வேர். "இஃப் ஐ வாஸ் எ ரிச் கேர்ள்" என்று 2004-ல் க்வென் ஸ்டெஃபானி பாடியதும் இருக்கிறது, அதன் மூலம் 1964 இசை நாடகப் பாட்டு, அதில் ஒழுங்காக "வேர்" என்றுதான் வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால் நான் சொல்ல வேண்டியதே இல்லை.

மிக்ஸிங்_டேபிள், சாலிகிராமம்

டீச்சர் பதிவுக்கு ஒரு சலாம். நான் ஒலிப்பதிவுக்காரன், என் பக்கத்திலிருந்து ஒரு எச்சரிக்கை.

பாட்டில் எஸ் ஒலியை நாங்களே வேண்டுமென்று அடக்குகிறோம். பாடகர் மைக்குக்குப் பக்கத்தில் பாடும்போது "ஸ்ஸ்" என்று காதைக் குத்தும், அதை அமுக்க டீ-எஸ்ஸர் என்று ஒரு கருவியே இருக்கிறது. கொஞ்சம் அதிகமாகப் போனால் பாடகருக்கு நாக்கு தடித்த மாதிரி ஆகிவிடும். சொல் முடிவில் வரும் டி, கே எல்லாம் டிரம்ஸ் அடிக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். இப்போது யோசித்துப் பாருங்கள். பன்மைக்கு எஸ், ஹி, ஷி வந்தால் வினைக்கு எஸ், இறந்தகாலத்துக்கு டி. இங்கிலீஷ் இலக்கணத்தில் பாதி சொல்லின் கடைசி ஒலியில் இருக்கிறது, மிக்ஸில் முதலில் காணாமல் போவதும் அதுதான். போன் ஸ்பீக்கரில் கேட்டால் சுத்தம். நல்ல ஹெட்செட்டில் கேட்கச் சொல்லுங்கள், பஸ் சத்தத்தில் கேட்பது படிப்பு ஆகாது.

உயிரொலியையும் பாட்டிலிருந்து நம்ப வேண்டாம். மேல் ஸ்தாயிக்குப் போனால் எந்த ஈ-யும் ஏ மாதிரி ஆகும், பாடகர் மேல் தப்பில்லை, தொண்டை அப்படி. பிரிட்டன் பாடகர்கள் பலர் பேசும்போது ஒரு உச்சரிப்பு, பாடும்போது அமெரிக்க உச்சரிப்பு.

வெறும் குரல் மட்டும் உள்ள பாட்டு வேண்டுமென்றால் சூசன் வேகாவின் "டாம்'ஸ் டைனர்". வாத்தியமே கிடையாது, 1987 ஆல்பத்தில் வந்தது. ஜெர்மனியில் எம்பி3 உருவாக்கிய கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் தன் சுருக்கும் முறையைச் சோதிக்க அதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார், ஏனென்றால் மனிதக் குரல் தனியாக இருக்கும்போது கொஞ்சம் கெட்டாலும் காது கண்டுபிடித்துவிடும். கடையில் ஒரு பெண் உட்கார்ந்து எதிரே நடப்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறாள், அவ்வளவுதான் பாட்டு. ஐ ஆம் சிட்டிங், ஐ ஆம் வெயிட்டிங் வகை. உங்கள் அக்கா மகள் பஸ் ஜன்னலில் உட்கார்ந்து வெளியே தெரிவதையெல்லாம் அதே மெட்டில் சொல்லிப் பார்க்கலாம்.

மின்சார_ரயில், ஆவடி

நானும் தமிழ் வழிதான், அதனால் தங்கச்சி நிலைமை தெரியும். எனக்கு வேலை செய்ததைச் சொல்கிறேன்.

பாட்டு வரிகளை முதலில் பார்க்கக் கூடாது. முதலில் சும்மா கேட்க வேண்டும், யார் யாரிடம் பேசுகிறார்கள், சண்டையா கொஞ்சலா என்று மட்டும் பிடித்தால் போதும். அடுத்து ஒரு பத்தியை மட்டும் நிறுத்தி நிறுத்திக் காதில் விழுவதை எழுத வேண்டும். யூடியூபில் வேகத்தை 0.75-க்கு வைத்துக்கொள்ளலாம், அதற்குக் கீழே போனால் பேய்க் குரல் ஆகிவிடும். அப்புறம்தான் வரிகளைத் திறக்க வேண்டும். நீங்கள் எழுதியதற்கும் நிஜ வரிக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறதே, அதுதான் உங்கள் பாடப்புத்தகம். லிரிக்ஸ்டிரெய்னிங் என்று ஒரு தளம், வீடியோ ஓட ஓட விட்டுப்போன சொல்லை நாம் நிரப்ப வேண்டும், நிரப்பாவிட்டால் பாட்டு நின்றுவிடும். ஆவடியில் ஏறி சென்ட்ரல் போவதற்குள் ஒரு பாட்டைப் பிரித்து மேயலாம்.

வரிகளைப் போடும் தளங்களைக் கண்ணை மூடி நம்பாதீர்கள். யாரோ காதில் விழுந்ததை ஏற்றியிருப்பார்கள், மற்ற எல்லாத் தளமும் அதை அப்படியே காப்பி அடிக்கும். தவறாகக் காதில் விழுவதற்கு இங்கிலீஷில் பெயரே இருக்கிறது, மாண்டக்ரீன். சில்வியா ரைட் என்ற எழுத்தாளர் 1954-ல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் வைத்த பெயர். சின்ன வயதில் அவர் கேட்ட ஸ்காட்லாந்துக் கதைப்பாட்டில் "லெய்ட் ஹிம் ஆன் த க்ரீன்", அதாவது அவனைக் கொன்று புல்வெளியில் கிடத்தினார்கள், என்று வருவதை "லேடி மாண்டக்ரீன்" என்று கேட்டுவிட்டு, பாவம் அந்த அம்மாவும் செத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். டீச்சர், பாருங்கள், இங்கேயும் உங்கள் கிடத்துதான்.

சொல்வளம் வேண்டுமென்றால் காதல் பாட்டை விட்டுவிட்டுக் கதை சொல்கிற பாட்டுக்குப் போங்கள். காதல் பாட்டில் ஐ, யூ, பேபி, ஹார்ட், டுநைட், இதற்கு மேல் சரக்கு இல்லை. ஊர் பேர் இல்லை, நேரம் இல்லை. ராப் கேட்டால் சொல் கொட்டும். 2014-ல் மேட் டேனியல்ஸ் என்பவர் ராப்பர்கள் ஒவ்வொருவருடைய பாட்டுகளிலும் முதல் 35,000 சொற்களை எடுத்து, அதில் எத்தனை வெவ்வேறு சொல் என்று எண்ணிப் பார்த்தார், ஈசாப் ராக் என்பவர் முதலிடம், ஷேக்ஸ்பியரையே தாண்டிவிட்டார். ஆனால் ராப்பில் பாதி கொச்சை, அதை வீட்டில் சத்தமாகப் பாட முடியாது, மாமா முன்னால் சுத்தமாக முடியாது. அது அப்புறம்.

எதிர்ப்பாட்டு, மயிலாப்பூர்

எல்லாரும் நன்றாகத்தான் எழுதுகிறீர்கள். ஆனால் இங்கே கெட்டிக்காரத்தனம் பாட்டில் இல்லை, பாட்டை எடுத்துப் பாடம் பண்ணுகிற டீச்சரிடமும் ஆவடி தம்பியிடமும் இருக்கிறது. லோகோ சார் அக்கா மகள் பஸ்ஸில் கேட்டுக்கொண்டு போகிறாள். இரண்டும் ஒன்றா?

பாட்டாகச் சொன்னால் மனதில் நிற்கும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சூடாமணி நிகண்டை மண்டல புருடர் விருத்தத்தில் பாடி வைத்ததே அதற்குத்தான், திண்ணைப் பள்ளிப் பையன் அதை ஒப்பித்தே சொற்களைச் சேர்த்தான். ஆனால் அது கற்பிக்கவென்றே கட்டிய பாட்டு. ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள், ஒரு பொருளுக்கு எத்தனை சொல் என்று ஒழுங்காக அடுக்கியிருக்கும். உங்கள் ராக் பாட்டுக்காரன் எதுகைக்காக இலக்கணத்தை முறித்துப் போட்டுவிட்டுப் போய்விடுவான். பாட்டாகக் கற்றால் கூடுதலாக வருகிறது என்று யாராவது சோதித்துப் பார்த்திருக்கிறார்களா? இருந்தால் காட்டுங்கள், பேசுவோம்.

ஓஎம்ஆர்_நைட்ஷிப்ட், சோழிங்கநல்லூர்

பார்த்திருக்கிறார்கள் சார். எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வு, 2013-ல் வெளிவந்தது. 60 பேர், எல்லாரும் பெரியவர்கள், அவர்களுக்குத் தெரியாத ஹங்கேரிய மொழி. மூன்று குழு. ஒன்று சாதாரணமாகக் கேட்டுத் திருப்பிச் சொன்னது, ஒன்று தாளத்தோடு சொன்னது, ஒன்று பாடியது. 15 நிமிடப் பயிற்சி. பிறகு அந்த ஹங்கேரியத் தொடர்களை நினைவிலிருந்து சொல்லச் சொன்னபோது பாடிய குழு முன்னால் நின்றது. சும்மா கேட்டவர்கள் இல்லை, வாய் திறந்து பாடியவர்கள். அதைக் கவனியுங்கள்.

எதிர்ப்பாட்டு, மயிலாப்பூர்

கவனித்தேன். சின்னச் சின்னத் தொடர்கள், 15 நிமிடம். இலக்கணம் வந்தது என்று அது சொல்லவில்லை. தொடர்கள் மனதில் நிற்கும் என்ற அளவில் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்று, பாட்டு உங்களைத் திருப்பிக் கேள்வி கேட்காது. இன்டர்வியூவில் கேட்பார்கள். அதற்கு என்ன வழி?

ஓய்வு_டீச்சர், குரோம்பேட்டை

நிகண்டு மாதிரி கற்பிக்கவென்றே கட்டியதும் இங்கிலீஷில் உண்டு சார். அமெரிக்காவில் கரோலின் கிரஹாம் என்ற ஆசிரியை 1978-ல் "ஜாஸ் சாண்ட்ஸ்" என்று கொண்டுவந்தார். மெட்டு கிடையாது, கைதட்டும் தாளத்தில் அன்றாட வாக்கியங்கள், ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். கேள்வி கேட்காது என்ற உங்கள் குறைக்கும் அதில் விடை இருக்கிறது.

ஆனால் பாட்டை வைத்தே செய்யலாம். தம்பி, உங்கள் அக்கா மகளை அந்த ஜிம் ரீவ்ஸ் பாட்டை எடுக்கச் சொல்லுங்கள். அதில் அவன் அவளிடம் வரிசையாக அதைச் செய், இதைச் செய் என்று சொல்கிறான். முழுக் கதையையும் மூன்றாம் ஆளாக யாரிடமாவது சொல்ல வேண்டும். "ஹி ஆஸ்க்ட் ஹெர் டு", "ஹி டோல்ட் ஹெர் தட்" என்று போகும், கட்டளை எல்லாம் அயற்கூற்றாக மாறும், வில் எல்லாம் வுட் ஆகும். கேட்கிறவர் நடுநடுவே "அப்புறம்?" என்று கேட்க வேண்டும். பாடத்தில் இதற்கு ரிப்போர்ட்டட் ஸ்பீச் என்று பெயர், பிள்ளைகள் இதைக் கண்டாலே ஓடுவார்கள். கதை தெரிந்திருந்தால் ஓட மாட்டார்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். அவள் நோட்டில் ஷுட் ஹேவ் வருகிற இடத்தில் எப்படி எழுதியிருக்கிறாள்?

லோகோ_ஒர்க்ஸ், பெரம்பூர்

டீச்சர், நோட்டை வாங்கிப் பார்த்தேன். "ஐ ஷுடாவ்" என்று இருக்கிறது. அது ஒரே சொல், "நான் கடுப்பானேன்" மாதிரி ஏதோ என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம்! பாடும்போது மட்டும் அச்சு அசலாக வருகிறது.

ஜிம் ரீவ்ஸ் கதையை என்னிடம் சொல்ல வெட்கப்படுகிறாள், காதல் கதையை மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று. அதனால் பஸ்ஸில் கூட வரும் தோழியிடம் சொன்னாளாம், அவளும் தமிழ் வழிதான். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்துக்கொண்டே பாதி வழி தாண்டிவிட்டதாகக் கேள்வி. தமிழ் எழுத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டாள், அழுத்தத்துக்குக் கோடும் போடுகிறாள்.

ஓய்வு_டீச்சர், குரோம்பேட்டை

ஷுடாவ் என்று அவள் கேட்டது தப்பே இல்லை தம்பி, அப்படித்தான் சொல்கிறார்கள். அதே காரணத்தால் அங்கே பிறந்து வளர்ந்தவர்களே "ஷுட் ஆஃப்" என்று எழுதி வைக்கிறார்கள். நடுவில் ஒளிந்திருப்பது ஹேவ் என்று மட்டும் காட்டிக் கொடுங்கள். பிறகு அவளுடைய சொந்த விஷயத்தை வைத்து ஷுட் ஹேவ் வாக்கியங்கள் எழுதட்டும். பூட்டு, சாவி எல்லாம் வேண்டாம்.

லோகோ_ஒர்க்ஸ், பெரம்பூர்

எழுதிவிட்டாள். "ஐ ஷுட் ஹேவ் டேக்கன் த அம்ப்ரெல்லா", "ஐ ஷுட் ஹேவ் ஆஸ்க்ட் த லெக்சரர்", "மை மாமா ஷுட் ஹேவ் பாட் மி எ பெட்டர் ஹெட்செட்". மூன்றாவதை மிக்ஸிங் டேபிள் சார் கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.

நேற்று சர்வைவ் பாட்டின் கதையை அக்காவுக்கே இங்கிலீஷில் சொல்லிக் காட்டினாள். அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் டீச்சர் சொன்ன மாதிரி "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் தமிழில் விளக்கியதைக் கேட்டுவிட்டு, "அவ்ளோ கோவம் இருக்கறவ அன்னிக்கே பூட்ட மாத்த வேண்டியதுதானே, ஏன் மாத்தல?" என்றாள். அக்கா மகளுக்கு இங்கிலீஷில் அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியவில்லை. "ஒய் ஷி டிட்ன்ட் சேஞ்ச்ட்" என்று எழுதி வைத்திருக்கிறாள். சரியா?

ஓய்வு_டீச்சர், குரோம்பேட்டை

டிட்ன்ட் வந்துவிட்டால் சேஞ்ச்ட் வராது, சேஞ்ச்தான், இறந்தகாலத்தை டிட் எடுத்துக்கொண்டுவிட்டது. கேள்வி என்பதால் டிட்ன்ட் முன்னால் போகும். "ஒய் டிட்ன்ட் ஷி சேஞ்ச் த லாக்". பதிலையும் அவளையே இங்கிலீஷில் எழுதச் சொல்லுங்கள், பிகாஸ் என்று தொடங்கினாலும் பரவாயில்லை. நாளைக்குப் பார்க்கிறேன்.

எதிர்ப்பாட்டு, மயிலாப்பூர்

பதிலை நானும் பார்க்க வேண்டும். உங்கள் அக்கா கேட்டது நியாயமான கேள்வி.